டாக்டருக்கே வயிற்றுவலி வந்தால்? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

சென்ற இதழில் குடல்வால் அழற்சி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அண்டார்டிகாவில் ஒரு ரஷ்ய டாக்டர் தன் வயிற்றைத் தானே கிழித்து அப்பெண்டிக்ஸை எடுத்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், வழக்கமாக வரும் சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்வுக் கடிதங்களை எல்லாம் மூழ்கடித்துவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் "கதை விடாதீர்கள்" என்கிறார்கள், மீதிப் பேர் முழுக்கதையும் வேண்டும் என்கிறார்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்கத் துருவத்துக்கே. சர்க்கரைக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தென்காசியிலிருந்து ஒரு வாசகர்: தன் வயிற்றைத் தானே எப்படி அறுக்க முடியும்? மயக்க மருந்து கொடுத்தால் தூங்கிவிட மாட்டாரா? நடந்ததுதானா இது?

நடந்தது. அவர் பெயர் லியோனிட் ரோகோசோவ், அப்போது வயது 27. 1961-ல் சோவியத் நாட்டின் ஆறாவது அண்டார்டிகா பயணக் குழுவில் போனவர். நோவோலாசரெவ்ஸ்கயா என்ற நிலையத்தைக் கட்டி முடித்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மொத்தம் 13 பேர், அதில் டாக்டர் இவர் ஒருவர்தான். இறக்கிவிட்ட கப்பல் போய்விட்டது, குளிர்காலம் இறங்கிவிட்டது, அடுத்த கோடையில்தான் ஆள் வரும்.

ஏப்ரல் 29 காலையில் உடம்பு அசதியாக இருக்கிறது, குமட்டல், லேசான காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் வயிற்றில் ஆரம்பித்த வலி வலது பக்கம் கீழே இறங்குகிறது. மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவனை எழுப்பிக் கேட்டாலும் இது என்னவென்று சொல்லிவிடுவான். நமக்கெல்லாம் வயிறு வலித்தால் 'நேத்து சாப்பிட்ட பரோட்டாவா இருக்கும்' என்று ஒரு நாள் தள்ளிப்போட ஒரு சால்ஜாப்பு கிடைக்கும், சர்ஜனாகப் போகிற ஆளுக்கு அதுவும் கிடையாது. ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டார், வயிற்றில் குளிர் வைத்துப் பார்த்தார் (அங்கே ஐஸுக்கா பஞ்சம்), யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் ஓட்டினார். மறுநாள் காய்ச்சல் ஏறியது, வாந்தி வந்தது. விமானம் வரலாமென்றால் சோவியத்தின் மிர்னி நிலையம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் பனிப்புயல்.

ஏப்ரல் 30 ராத்திரி ஆரம்பித்தார்கள். தூங்க வைக்கிற மயக்க மருந்து இல்லை, நோவோகெய்ன், அதாவது பல் பிடுங்கும்போது போடுவார்களே அந்த மாதிரி மரத்துப்போகச் செய்கிற ஊசி. தோலும் அதற்குக் கீழே இருக்கிற தசையும் மரத்துப்போகும், உள்ளே குடலை இழுக்கும்போது குமட்டும், தலை சுற்றும், ஆனால் முழு நினைவு இருக்கும். வானிலை ஆய்வாளர் ஒருவர் கருவிகளை எடுத்துக் கொடுத்தார், மெக்கானிக் ஒருவர் கண்ணாடியும் விளக்கும் பிடித்தார், இந்த இரண்டு பேரில் யாராவது மயங்கி விழுந்தால் மாற்றாள் வேண்டுமே என்று நிலையத் தலைவர் பக்கத்தில் நின்றார். தனக்கு நினைவு தப்பினால் எந்த ஊசியைப் போடுவது, செயற்கையாக எப்படி மூச்சு கொடுப்பது என்றும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்.

கண்ணாடியில் பார்த்து வெட்டலாம் என்பது திட்டம். கண்ணாடி முன்னால் நின்று சட்டைக் காலரில் ஒரு நூலைக் கத்தரிக்கப் பாருங்கள், கத்தரிக்கோல் எதிர்ப்பக்கம் போகும். அதே கதைதான். கடைசியில் பெரும்பாலும் கண்ணாடியை விட்டுவிட்டு, கையுறை போடாமல், விரலால் தடவித் தடவியே வேலை செய்தார். நடுவில் குடலின் முனைப்பகுதியில் தவறுதலாக ஒரு வெட்டு விழுந்துவிட்டது, அதையும் அவரே கண்டுபிடித்துத் தைத்தார். அரை மணி நேரம் தாண்டியதும் பலவீனம் அமுக்க, நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இருபது இருபத்தைந்து வினாடி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். வெளியே எடுத்த அப்பெண்டிக்ஸின் அடிப்பகுதியில் கறுப்பாக ஒரு புள்ளி, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வெடித்திருக்கும். இரண்டு வாரத்தில் மறுபடி டியூட்டிக்கு வந்துவிட்டார். 2000 வரை உயிரோடு இருந்தார், சர்ஜனாகவே.

எல்லோரும் அந்தக் கத்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த 29-க்கும் 30-க்கும் நடுவில் இருந்த ராத்திரிதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு வயிற்றுவலி தானாக அடங்குமா, இல்லை அறுத்தே ஆகவேண்டுமா என்பதை ஸ்கேன் இல்லாமல், ரத்தப் பரிசோதனைக்கு லேப் இல்லாமல், "நீங்க ஒரு தடவை அமுக்கிப் பாருங்க சார்" என்று கூப்பிட ஒரு சீனியர் இல்லாமல் முடிவு செய்யவேண்டும். துருவத்தில் நடக்கும் மருத்துவத்தில் முக்கால் பங்கு இந்தக் கஷ்டம்தான். மற்ற பதில்களிலும் இது திரும்பத் திரும்ப வரும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: அப்படியானால் போவதற்கு முன்பே அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்டுப் போகலாமே?

எடுத்துவிட்டுத்தான் போகிறார்கள், எல்லா நாட்டுக்காரர்களும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் தங்கப் போகிற டாக்டருக்கு அது விதி. அதற்குக் காரணம் 1950-ல் ஹெர்ட் தீவில் நடந்த சம்பவம், அங்கிருந்த ஒரே டாக்டருக்கு அப்பெண்டிக்ஸ் வந்துவிட்டது. ரோகோசோவ் மாதிரி தானே அறுக்கும் நிலைமைக்குப் போகாமல், ஆஸ்திரேலியக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்று தென்கடலின் பேயலையில் அவ்வளவு தூரம் போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தது. ஒரு விரல் நீளக் குடல் துண்டுக்காக ஒரு போர்க்கப்பல்! அடுத்து போகிறவர் அதை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். மற்ற ஆட்களுக்கு இந்த விதி இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு வந்தால் அறுக்க டாக்டர் இருக்கிறார்.

சிலி நாடு இன்னும் ஒரு படி மேலே. அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் வீயா லாஸ் எஸ்த்ரேயாஸ் என்று குடும்பத்தோடு வசிக்கிற ஒரு சின்னக் குடியிருப்பு வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடம்கூட இருந்தது. அங்கே நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள், குழந்தைகள் உட்பட, அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

நல்லா இருக்கிற உறுப்பை எடுப்பது சரியா என்றால், உங்களுக்கும் எனக்கும் சரியில்லை. மயக்க மருந்துக்கும் அறுவைக்கும் உள்ள ஆபத்து சின்னதானாலும் இருக்கத்தான் செய்கிறது. ஆறு மாதம் எந்த வண்டியும் வராத இடத்துக்குப் போகிறவருக்குக் கணக்கு மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: இன்றைக்கு இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கிறது. ஒரு விமானத்தை அனுப்ப முடியாதா சார்?

கரையோர நிலையங்களுக்கு இப்போதெல்லாம் ஓரளவு முடிகிறது தம்பி. தென் துருவப் புள்ளியிலேயே இருக்கும் அமெரிக்காவின் அமுன்சென்-ஸ்காட் நிலையத்தில்தான் சிக்கல். பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பினால் அடுத்தது அக்டோபர் கடைசி, நவம்பர் என்று ஆகும். நடுவில் ஆறு மாதம் சூரியனே கிடையாது. மைனஸ் 60 டிகிரியில் விமான எரிபொருள் கூழாகத் தொடங்கும், ஹைட்ராலிக் எண்ணெய் ஓடாது, ரப்பர் வளையங்கள் விறைத்து ஒழுகும். நீ பனி வழுக்கும் என்றுதானே நினைப்பாய்? அந்தக் குளிரில் பனி மணல் மாதிரி ஆகிவிடும், விமானத்தின் பனிச்சறுக்குக் கட்டை அதில் நகராது.

ஆனாலும் போயிருக்கிறார்கள். 2001 ஏப்ரலில் நிலையத்தின் டாக்டருக்கே பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் வந்தபோது, கனடாவின் சின்ன ட்வின் ஆட்டர் விமானம் ஒன்று பிரிட்டனின் ரொதெரா நிலையத்திலிருந்து கிளம்பிப்போய், இருட்டில் இறங்கி, அவரை எடுத்துக்கொண்டு வந்தது. புது டாக்டரையும் கையோடு கொண்டுபோய் இறக்கியது, இல்லாவிட்டால் அங்கே இருக்கிற மீதிப் பேரின் கதி? 2003-லும் 2016-லும் இதேபோலப் போனார்கள், 2016-ல் போனது ஜூன், நட்ட நடுக் குளிர்காலம். ஒரு நோயாளிக்காக விமானிகள் இரண்டு மூன்று பேரின் உயிரைப் பணயம் வைப்பது என்பதால், "இது நிஜமாகவே அவசரமா" என்று அங்கிருக்கும் டாக்டர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று யோசித்துப் பார்.

அந்த எடை எப்படித் தகராறாகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2011 ஆகஸ்டில் அதே நிலையத்தின் மேலாளரான ஒரு பெண்ணுக்கு திடீரென்று பார்வை பாதி போனது. பக்கவாதம் என்று சந்தேகம், உறுதிப்படுத்த ஸ்கேன் இல்லை. உடனே கூட்டிப்போங்கள் என்று அவர் கேட்டார், இந்தக் குளிரில் விமானம் அனுப்புவதுதான் பெரிய ஆபத்து என்று மேலே இருப்பவர்கள் மறுத்தார்கள், இரண்டு பக்கமும் டாக்டர்கள் பேசினார்கள். அக்டோபர் நடுவில்தான் வெளியே வந்தார். பக்கவாதத்தில் முதல் நாலரை மணி நேரத்தைப் பொன் மாதிரி பார்க்கவேண்டும் என்று நானே இந்தப் பக்கத்தில் பத்து முறை எழுதியிருக்கிறேன், அங்கே அது இரண்டு மாதம். யார் பக்கம் நியாயம்? அந்தப் பெண்ணின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் விமானத்தை அனுப்பும் கையெழுத்தை நான் போட்டிருப்பேனா என்று கேட்டால் தைரியமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: பெண் டாக்டர் ஒருவர் தனக்கே கேன்சர் என்று அங்கே கண்டுபிடித்ததாகப் படித்திருக்கிறேன். பயாப்ஸி எல்லாம் யார் எடுத்தார்கள்?

அவரே! ஜெரி நீல்சன், 1999. அமெரிக்காவில் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர், தென் துருவ நிலையத்தில் அந்தக் குளிர்காலத்துக்கு நாற்பது பேருக்கு ஒரே டாக்டர். விமானங்கள் நின்ற கொஞ்ச நாளிலேயே மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார், கட்டி பெரிதானது, அக்குளிலும் நெறி கட்டியது.

பயாப்ஸி என்றால் இங்கே என்ன நடக்கும்? சர்ஜன் ஊசியால் திசுவை எடுப்பார், அது லேபுக்குப் போகும், அங்கே சாயம் ஏற்றி, திசு நோய் நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். ஒரு பயாப்ஸிக்குப் பின்னால் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அங்கே இருந்தது ஒரு வெல்டர். இரும்பு பற்றவைக்கிறவர்தான், கை நடுங்காத ஆள் என்பதால் அவரைப் பழக்கி வைத்துக்கொண்டு, மரப்பு மருந்தும் ஐஸும் வைத்து, நீல்சன் ஊசியைத் தானே குத்தித் திசுவை எடுத்தார். கண்ணாடிச் சில்லில் தடவி, கைவசம் இருந்த பழைய சாயத்தை ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கேமராவை வைத்துப் படம் எடுத்து செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நிபுணர்கள் பார்த்துவிட்டு, படம் தெளிவாக இல்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள்.

எனக்கு இந்த இடம்தான் தாங்க முடியவில்லை. கேன்சர் என்றால் கேன்சர், இல்லை என்றால் இல்லை. இரண்டும் இல்லாமல், தன் உடம்பின் ஸ்லைடைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், வெளியே நடு ராத்திரி, அந்த ராத்திரிக்கு இன்னும் சில மாதம் பாக்கி.

ஜூலையில் அமெரிக்க விமானப்படையின் ஸ்டார்லிஃப்டர் விமானம் நியூசிலாந்திலிருந்து பறந்துவந்து, இறங்காமலே, பாராசூட்டில் பொட்டலங்களைப் போட்டுவிட்டுப் போனது. கீழே இருந்தவர்கள் பீப்பாய்களில் நெருப்பு மூட்டி இருட்டில் இடம் காட்டினார்கள். மருந்து பனியில் கிடந்து உறைவதற்குள் ஓடி எடுக்கவேண்டும். அதில் நல்ல சாயமும் கருவிகளும் வந்தன, கீமோ மருந்தும் வந்தது. நோய் உறுதியானது. கூட வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் கையாலேயே கீமோ ஏற்றிக்கொண்டார். அக்டோபர் 16-ல், மைனஸ் 50-ஐ ஒட்டிய குளிரில், வழக்கத்தைவிட முன்னதாகவே ஒரு ராணுவ விமானம் இறங்கி அவரைத் தூக்கிவந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட பத்து வருடம் வாழ்ந்தார், கேன்சர் திரும்பி வந்து 2009-ல் இறந்தார்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? 1950, 1961, 1999, 2001. நான்கிலும் நோயாளி டாக்டர்தான். டாக்டருக்கு மட்டும் நோய் அதிகம் வருகிறது என்பதில்லை, மற்றவருக்கு வந்தால் அது சரியாகிவிடுகிறது, டாக்டருக்கு வந்தால் அது செய்தியாகிவிடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு செவிலியர்: நர்ஸ் இல்லாமல் ஆபரேஷன் எப்படி டாக்டர்? ரத்தம் வேண்டுமென்றால்?

சிஸ்டர், உங்கள் கேள்வியைத்தான் முதலில் போட்டிருக்கவேண்டும். ஆஸ்திரேலிய நிலையங்களில் குளிர்காலத்துக்கு ஒரு டாக்டர்தான், நர்ஸ் கிடையாது. அதனால் கிளம்புவதற்கு முன் சமையல்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் இப்படி நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, ஹோபார்ட் நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். கை கழுவி கையுறை போடுவதிலிருந்து, கருவிகளைக் கிருமி நீக்குவது, எடுத்துக் கொடுப்பது, மயக்க மருந்து கொடுக்கும்போது நாடித்துடிப்பையும் ஆக்ஸிஜனையும் பார்த்துச் சொல்வது வரைக்கும். நீங்கள் நாலு வருடம் படித்ததை இரண்டு வாரத்தில் படிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள், ஒரு வேலையை மட்டும் பிசகாமல் செய்யும் அளவுக்குத்தான்.

ரத்த வங்கியும் அவர்களேதான். எல்லோருடைய ரத்தப் பிரிவும் முன்பே குறித்து வைத்திருக்கும், தேவைப்பட்டால் பொருத்தமான ஆளைப் படுக்கவைத்து அப்போதே எடுத்து ஏற்றவேண்டியதுதான். நடமாடும் ரத்த வங்கி என்று சொல்கிறார்கள், ரொம்பப் பொருத்தமான பெயர்.

டாக்டர் பாடு இன்னும் வேடிக்கை. எக்ஸ்ரே எடுப்பதும் அவரே, லேபில் ரத்தத்தைப் பார்ப்பதும் அவரே, மருந்துக் கணக்கும் அவரே, பல்லும் பிடுங்கவேண்டும். பல் விஷயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள், துருவ நிலையங்களில் டாக்டரிடம் அடிக்கடி வருகிற தொல்லைகளில் அது ஒன்று. பல்லில் அடைத்தது குளிரில் கழன்றுவிடும். சினிமாவில் வருகிற பனிக்கரடிச் சண்டை எல்லாம் தெற்கே இல்லவே இல்லை (கரடி வடக்கே மட்டும்தான்), வருவதெல்லாம் சுத்தியல் விரலில் விழுந்தது, முதுகு பிடித்தது, பல் வலி.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: அவ்வளவு குளிரில் கிருமியே இருக்காதே, சளி பிடிக்குமா?

குளிரால் சளி பிடிப்பதில்லை, வைரஸால் பிடிக்கிறது. புது ஆள் வராவிட்டால் புது வைரஸும் வராது என்பதால், குளிர்காலம் முழுக்கத் துருவத்தில் பொதுவாக யாரும் தும்மமாட்டார்கள். கோடையில் முதல் விமானம் வந்து இறங்கியதும் நிலையமே மூக்கைச் சிந்தும்.

இந்த விதிக்கு ஒரு விசித்திரமான விலக்கு உண்டு. 1969-ல் பிரிட்டனின் அடிலெய்டு தீவு நிலையத்தில் 12 பேர் குளிர்காலம் கழித்தார்கள். வெளியாள் யாருமே வராமல் 17 வாரம் ஆன பிறகு, திடீரென்று ஒருவருக்குச் சளி, பிறகு இன்னொருவருக்கு, மொத்தம் ஆறு பேருக்கு. எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் உடம்பிலேயே பதுங்கியிருந்ததா, துணிமணியிலா? மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தும் எந்த வைரஸ் என்று பிடிபடவில்லை. பெல்ஜியத்தின் பிரின்சஸ் எலிசபெத் நிலையத்தில் 2021 டிசம்பரில் கொரோனா வந்தபோது, எல்லோரும் தடுப்பூசி போட்டு, பரிசோதனை எடுத்து, தனிமையில் இருந்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஆனாலும் 25 பேரில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் முற்றவில்லை.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: இப்போதுதான் வீடியோ கால் இருக்கிறதே. ஊரில் இருக்கும் நிபுணர் பார்த்துச் சொல்லிவிட மாட்டாரா? பிறகென்ன கஷ்டம்?

சொல்கிறார்கள். பிரிட்டன்காரர்களுக்கு பிளைமவுத்தில் ஒரு மருத்துவக் குழு, அமெரிக்கர்களுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு என்று ஏற்பாடு உண்டு. தென் துருவப் புள்ளியில் வேகமான செயற்கைக்கோள் தொடர்பு நாள் முழுக்கக் கிடைக்காது, செயற்கைக்கோள் தலைக்கு மேலே வருகிற சில மணி நேரம்தான், அதையும் பார்த்துத்தான் மாரடைப்பு வரவேண்டும்! ஆனால் கேமராவில் தெரிகிறதைத்தானே நிபுணர் பார்ப்பார். வயிற்றை அமுக்கி கையை எடுக்கும்போது நோயாளியின் முகம் சுளிப்பதை, மூச்சின் வாடையை, "இவன் சொல்கிற வலிக்கும் உட்கார்ந்திருக்கிற விதத்துக்கும் சம்பந்தமில்லையே" என்று தோன்றுவதை எந்த இணைப்பும் கொண்டுபோகாது.

தூரத்திலிருந்தே நோயை மோப்பம் பிடித்த ஒரு பழைய கதை சொல்கிறேன். 1934, அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பைர்ட் வானிலைக் குறிப்பெடுக்க ஒரு குடிலில் தன்னந்தனியாகக் குளிர்காலம் கழித்தார், முகாமிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அடுப்புப் புகைக்குழாய் சரியில்லை, வானொலிக்கு மின்சாரம் தரும் இயந்திரமும் புகை கக்கியது. மே மாதக் கடைசியில் சுருண்டு விழுந்தார், கார்பன் மோனாக்சைடு. தன்னைக் காப்பாற்ற வந்து மற்றவர்கள் இருட்டில் சாகவேண்டாம் என்று, நன்றாக இருப்பதாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் தட்டிய மோர்ஸ் எழுத்துகள்தான் காட்டிக்கொடுத்தன. தப்பும் தவறுமாக, குழறலாக வந்த அந்தத் தந்தியைக் கேட்டு முகாமில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டிராக்டரில் கிளம்பி, இரண்டு முறை பாதியில் திரும்பி, ஆகஸ்டில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தபோது எலும்பும் தோலுமாக நின்றார். நோயாளி 'எனக்கு ஒண்ணுமில்ல' என்கிறார், விரல் வேறு சொல்கிறது!

இந்த வாயு நம் ஆட்களையும் விடவில்லை. 1990 ஜனவரியில் இந்தியாவின் ஒன்பதாவது அண்டார்டிகா பயணத்தில் நான்கு பேர் கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, வாந்தி, அசதி என்று ஏதோ ஃப்ளூ மாதிரி ஆரம்பிக்கும். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் 98 என்று காட்டும், அதை நம்பினால் போச்சு, அந்தச் சாதனத்துக்கு ஆக்ஸிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்தால் குறைகிறது, இதுதான் துப்பு. ஊட்டி, கொடைக்கானல் போய் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: ஆறு மாதம் இருட்டு. பைத்தியம் பிடித்துவிடாதா?

பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் ஒரு மாதிரி ஆகிவிடுவார்கள். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும், ஞாபகம் தவறும், ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு சுவரை வெறித்துப் பார்ப்பார்கள். தைராய்டு ஹார்மோன் கணக்கே அங்கே மாறுவதைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு தனிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் நியூமாயர் நிலையத்தில் 14 மாதம் இருந்த ஒன்பது பேரின் மூளையைப் போவதற்கு முன்பும் வந்த பின்பும் ஸ்கேன் செய்து 2019-ல் வெளியிட்டார்கள், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் ஒரு பாகம் ஏறக்குறைய ஏழு சதவீதம் சுருங்கியிருந்தது. ஒன்பது பேர்தான் என்பதால் ரொம்பவும் பயப்படவேண்டாம்.

டாக்டருக்கு இதில் என்ன தலைவலி என்றால், ஒருவர் மந்தமாக இருக்கிறார் என்றால் அது இருட்டாலா, மன அழுத்தமா, தைராய்டா, அடுப்பிலிருந்து கசிகிற வாயுவா? அதைப் பார்த்துச் சொல்லவேண்டிய டாக்டரும் அதே இருட்டில்தான் ஆறு மாதமாகச் சரியாகத் தூங்காமல் இருக்கிறார்.

புதுச்சேரியிலிருந்து ஒரு மாணவி: நம் நாட்டு நிலையங்களில் எப்படி?

மைத்ரி, பாரதி என்று இரண்டு இருக்கின்றன. குளிர்காலம் தங்குகிறவர்களுக்கு டெல்லி எய்ம்ஸில் முழு உடல் பரிசோதனை, மனநலச் சோதனை, அப்புறம் உத்தராகண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிடம் பனியில் பயிற்சி. இன்னொரு தகவல் உனக்குப் பிடிக்கும். மைத்ரி இருப்பது ஷிர்மாகர் பாலைச்சோலை என்ற பனி மூடாத பாறைப் பகுதியில், அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில்தான் நோவோலாசரெவ்ஸ்கயா. ஆமாம், ரோகோசோவின் அதே நிலையம். அன்றைக்கு அவருக்கு உதவி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இன்றைக்கு நம்மவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கடிதம், ஊர் பெயர் வேண்டாம்: எனக்கும் இரண்டு நாளாக வலது பக்க அடிவயிற்றில் அதே மாதிரி வலி, வாந்தியும் இருக்கிறது. இது அப்பெண்டிக்ஸா? அடுத்த இதழில் பதில் சொல்லவும்.

உங்கள் கடிதம் என் மேஜைக்கு வந்தபோது தபால் முத்திரைக்கு வயது ஒன்பது நாள். அடியில் போன் நம்பர் இருந்ததால் உடனே கூப்பிட்டேன், நாலு தடவை மணி அடித்து யாரும் எடுக்காதபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஐந்தாவது தடவை உங்கள் மனைவி எடுத்து, "அவர் நல்லாத்தான் இருக்கார் டாக்டர், கல்லாம், அன்னைக்கே ஸ்கேன் எடுத்துட்டோம், மோர் குடிச்சுக்கிட்டிருக்கார்" என்றார். சிறுநீர்க்குழாயில் வலது பக்கம் சிக்கிய கல்லும் இதே இடத்தில்தான் வலிக்கும், வாந்தியும் வரும், போனில் நான் கேட்டிருந்தால் நானும் அப்பெண்டிக்ஸ் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த அம்மாவுக்கு என் வணக்கம். மோரில் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.